எதிர்மலை தெளியாத கண்ணாடி

என் தூரக்கண்ணாடிக்குப் புதுக் கண்வில்லை கைக்கு வந்த மறுநாளே அதைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்திருப்பேன். எறியாததற்குக் காரணம் என் பொறுமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். எதிர்மலையில் என் மகள் இருந்தாள். அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள அந்தக் கண்ணாடியை விட்டால் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்போது நான் கண்டிக்கு அப்பால் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மலையெல்லாம் கோப்பிதான்; தேயிலை என்ற பேச்சே எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. கோப்பி காயவைக்கும் ஸ்டோருக்கு மேலே மேட்டில் எனக்கு வீடு. வாசலில் நின்றால் கீழே ஓடை ஓடும் பள்ளம், அதற்கு அப்பால் எதிர்மலை, அதன் இடுப்பில் வரிசையாய்த் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள். அந்தத் தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதுகிற பையனுக்குத்தான் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணத்தன்று என் மனைவி அழக்கூட இல்லை. "கண்ணுக்கெதிரதான இருக்கப் போறா, நான் ஏன் அழணும்?" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நாலு மாதம் கழியவில்லை, எதிர்மலையில் அம்மை வந்துவிட்டது. பாதையில் காவல் போட்டார்கள். உள்ளே யாரும் போகக்கூடாது, வெளியே யாரும் வரக்கூடாது. அரிசி மூட்டையை ஓடைக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு நம் ஆட்கள் திரும்பிவிட வேண்டும். பிறகு அவர்கள் வந்து தூக்கிப் போவார்கள். துண்டுக் காகிதம்கூட வரக்கூடாது, அதிலும் நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்றார்கள். பாதைக் காவல்காரனிடம் போய் என் மகளைப் பற்றிக் கேட்டால், "எல்லாரும் சொகமுங்க" என்பான். அந்தப் பக்கம் குழி வெட்டுவதை எங்கள் ஆட்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்த அன்றும் அந்தப் பாவி "எல்லாரும் சொகமுங்க" என்றுதான் சொன்னான். யாருக்காக வெட்டினார்கள் என்று கேட்டால் வானத்தைப் பார்த்தான். அவனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். கூட வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நிலையில்தான் என் தூரக்கண்ணாடிக்கு வீட்டில் மரியாதை வந்தது. சீமைக்குத் திரும்பிப் போன பழைய துரை எனக்கு விட்டுச்சென்ற சாமான் அது. மூன்று கால் தாங்கியில் நிற்கும் நீளப் பித்தளைக் குழாய். அதன் பின்பக்கம் இன்னொரு சின்னக் குழாய் உள்ளே போகும், வெளியே வரும். அந்தச் சின்னக் குழாயின் நுனியில் தடித்த வளையம். அந்த வளையத்தில் கண் வைத்துப் பார்க்கிற கண்வில்லையைத் திருகிப் பூட்ட வேண்டும். உள்குழாயை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓர் இடத்தில் படம் தெளியும். நிலவு பார்ப்பதற்கென்று செய்தது, ஆகவே எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டும். நிலவுக்குத் தலை ஏது, கால் ஏது? எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. பிறை தெரிகிற அந்திகளில் நான் அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்தால், "ஆரம்பிச்சிட்டாரு ஆகாசத்துக்குக் கணக்கெழுத" என்று என் மனைவி சட்டியை நங்கென்று வைப்பாள். அவளே இப்போது விடிந்ததும் முதல் வேலையாக அதை எதிர்மலைக்குத் திருப்பி வைத்தாள்.

ஆனால் பழைய கண்வில்லையில் பார்ப்பது ஊசிக்காது வழியே திருவிழா பார்க்கிற மாதிரி. ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் தெரியும், அதுவும் பாதி ஆள். எதிர்மலைக் குளிருக்கு எல்லாப் பெண்களும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நடந்தார்கள். முகம் தெரிகிற தூரமும் இல்லை. என் மகளுக்கு ஓர் அடையாளம் உண்டு: அவள் நல்ல நெட்டை. அவள் அம்மாவே "கமுகமரம், தல நிலயில இடிக்கப் போவுது, குனி" என்று கத்திக்கொண்டிருப்பாள். ஆனால் ஒருத்தியைத் தனியாகப் பார்த்தால் நெட்டையா குட்டையா என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் இன்னொருத்தி நிற்க வேண்டுமே. "இவதான்" என்பாள் மனைவி. நான் பார்ப்பதற்குள் அவள் ஊசிக்காதை விட்டு நகர்ந்திருப்பாள். தேடிப் பிடித்தால் அது ஏதோ ஒரு கிழவியாக இருக்கும்.

நல்ல வேளையாக, இந்த வம்பெல்லாம் வருவதற்கு வெகு முன்பே, கண்டியில் கடிகாரம் பழுதுபார்க்கும் முஸ்லிம் கடைக்காரர் மூலம் சீமைக்கு ஒரு புதுக் கண்வில்லைக்குச் சொல்லி வைத்திருந்தேன். அகலக் கண்வில்லை. முழு நிலவும், அதைச் சுற்றிய வானமும் ஒரே பார்வையில் அடங்கும் என்றார்கள். அது கப்பலேறி, கொழும்பு வந்து, ரயிலேறிக் கண்டி வந்து, கோப்பி இறக்கிவிட்டுத் திரும்பிய மாட்டு வண்டியில் என் வாசலுக்கு வந்தபோது, என் மனைவி அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிலவுக்கு வரவழைத்தது மகளுக்கு ஆயிற்று.

பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். எதிர்மலையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கஞ்சித் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்த மாதிரி வெள்ளையாக ஒரு மங்கல். குழாயை வெளியே இழுத்தேன், இன்னும் மங்கியது. உள்ளே தள்ளினேன், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. லயக் கூரைகள் கோடு கோடாகத் தெரியத் தொடங்கின. ஆகா, வந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் குழாய் தட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு நெல்லளவும் போக மாட்டேன் என்றது.

"என்னாங்க தெரியுது?" என்றாள் மனைவி, என் தோளில் மூச்சு விட்டுக்கொண்டு.

"பனி."

"பனியே இல்லயேங்க. வெறுங்கண்ணுக்கே கூரையெல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

"அப்ப வெறுங்கண்ணாலயே பாத்துக்க!"

காலையில் வெயில் ஏறிக் கீழே இருந்து பனி மேலே வருகிற வரைக்கும்தான் எதிர்மலை தெரியும். அந்தக் கொஞ்ச நேரம் முழுதும் குழாயைத் தள்ளியும் இழுத்தும் தீர்த்தேன். பிறகு பனி வந்து மூடிவிடும். மறுநாளும் அதே கதை. மனைவி கேட்பாள், நான் கத்துவேன், பனி வந்து இருவர் வாயையும் அடைக்கும்.

இதற்கிடையில் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி, கீழ் டிவிஷனில் கங்காணி. உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"மச்சான், சீமக் கண்ணாடிக்கு நம்ம மலக் குளிரு ஒத்துக்காது. கொஞ்சம் வெயில்ல காய வைங்க."

காய வைத்தேன். வைத்திருக்கக்கூடாது, ஆனால் வைத்தேன். மகள் விஷயம் என்று வந்துவிட்டால் மடையன் சொன்னாலும் கேட்கத் தோன்றுகிறது. ஒன்றும் ஆகவில்லை. "அப்ப புளி போட்டுத் தேச்சுப் பாப்பமா?" என்றான். அவன் கையில் இருந்த புளி உருண்டையைப் பிடுங்கி வாழைக் கொல்லைக்குள் எறிந்தேன். கோபித்துக்கொண்டு தானாகவே தூரக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பி எதையெதையோ பார்த்தவன் திடீரென்று கூவினான்.

"யாரு தெரியலன்னது? நல்லாத்தான தெரியுது! ஆட்டுத் தாடி ஒவ்வொரு மயிராத் தெரியுது மச்சான்!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஸ்டோர் வாசலில் கட்டியிருந்த எங்கள் வெள்ளாடு. தலைகீழாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. தாடி என்ன, மூக்கில் உட்கார்ந்த ஈகூடத் தெரிந்தது. அப்படி ஒரு துல்லியத்தை நான் அந்தக் கண்ணாடியில் கண்டதே இல்லை. எதிர்மலைக்குத் திருப்பினேன்: கஞ்சித் தண்ணீர். ஆட்டுக்குத் திருப்பினேன்: தாடி. கிட்டத்து ஆட்டைக் காட்டுவதற்கா இது கடல் தாண்டி வந்தது? எனக்கு வந்த ஆத்திரத்தில் தாங்கியை எட்டி உதைத்தேன். கால் பெருவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

சரி, கண்டிக்கே கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டிவிடுவோம் என்று தூரக்கண்ணாடியைத் துணியில் சுற்றத் தொடங்கினேன். மனைவி வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அது போகக்கூடாதுங்க. காப்புக் கட்டியிருக்கு."

இதைச் சொல்ல மறந்துவிட்டேன். எதிர்மலையில் அம்மை என்று கேள்விப்பட்ட அன்றே அவள் தலைக்குக் குளித்து, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு முடிந்து தன் கையில் காப்புக் கட்டிக்கொண்டாள். மகளுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிகிற வரைக்கும் அவிழ்ப்பதில்லை என்பது நேர்த்தி. எனக்கும் கட்ட வந்தாள். காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக்கூடாதே, நான் கோப்பி வண்டியோடு கண்டிக்குப் போக வர இருக்க வேண்டுமே என்று மறுத்துவிட்டேன். அவள் என்ன செய்தாள், எனக்குக் கட்ட வைத்திருந்த கயிற்றைத் தூரக்கண்ணாடிக்குக் கட்டிவிட்டாள். "எம் புள்ளயப் பாக்கப் போறது அதுதான, அதுவே விரதம் இருக்கட்டும்" என்றாள். பித்தளைக்கு என்ன விரதம் என்று அன்றே ஒரு சண்டை போட்டுவிட்டு, பிறகு அதை மறந்துபோனேன். அவள் மறப்பாளா?

"பித்தளைக் குழாய் எல்லை தாண்டினா ஆத்தா கண்ணக் குத்திருவாளா?"

"உங்களுக்கு எல்லாம் வெளயாட்டுத்தான். எம் மக அங்க கெடக்கறா."

"எனக்கும் மகதான்டி!"

நான் அப்படிக் கத்தியதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, துணியைப் பிரித்துத் தூரக்கண்ணாடியைப் பழையபடி தாங்கியில் வைத்தேன். கண்வில்லையை மட்டும் மடியில் முடிந்துகொண்டு வண்டியேறினேன்.

கண்டிக் கடைக்காரர் அதைத் தன் கண்ணில் இடுக்கி ஒரு கடிகாரத்தின் வயிற்றைப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "பளிங்கு மாதிரி ஈக்கிது. ஒரு கொறயும் இல்ல" என்றார்.

"பின்னே ஏன் எதிர்மலை தெரியல?"

"குழாய் எங்க?"

"வீட்டுல."

"நல்லா ஈக்கிது கணக்கப்பிள்ள. நோவு பொஞ்சாதிக்கு, நாடி பாக்க மாப்புள கைய நீட்டுறீங்க. குழாயில்லாம நான் என்னத்தச் செல்லுற?"

பித்தளைக் குழாய் அம்மனுக்கு விரதம் இருக்கிறது, ஆகவே வரவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். ஏரிக்கரையில் சற்று நேரம் உட்கார்ந்து சீமைக்காரன், மச்சான், மனைவி, காவல்காரன் என்று ஒருவர் விடாமல் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். திட்டி முடிந்தபோது பயம் மட்டும் மிச்சம் இருந்தது. கண்டித் தெருவில் எத்தனையோ பெண்கள் போனார்கள். கொஞ்சம் உயரமான ஒருத்தி போனாலும் எழுந்து நின்று பார்த்தேன்.

திரும்பி வந்த அன்று ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. எதிர்மலை ஸ்டோர்க் கணக்கன் வீட்டில், அதாவது எங்கள் மருமகன் வீட்டில், அம்மை கண்டிருக்கிறதாம். யாருக்கு என்று தெரியாதாம். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். மனைவி அடுப்பு மூட்டவில்லை. வாயைத் திறந்து என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழவாவது வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் எதிர்மலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. கண்வில்லையைப் பூட்டினேன். கஞ்சித் தண்ணீர். உள்ளே தள்ளினேன். கோடுகள் தெளிந்து வந்தன, தட்டி நின்றது. "போய்த் தொலையேன் சனியனே!" என்று உள்ளங்கையை வளையத்தில் வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன். ஏதோ நசுங்கியது. படம் ஒரு மயிரிழை தெளிந்தது. கையை எடுத்துப் பார்த்தேன். விரலெல்லாம் மஞ்சள்.

அப்போதுதான் குனிந்து அந்தச் சந்தைப் பார்த்தேன். உள்குழாயின் கழுத்தில், தடித்த வளையத்துக்கும் பெரிய குழாயின் வாய்க்கும் நடுவே, நாலைந்து சுற்றுச் சுற்றி மஞ்சள் துண்டோடு இறுக்கி முடிந்திருந்தது காப்புக் கயிறு. மஞ்சளும் பித்தளையும் ஒரே நிறம். கண்ணில் படவே இல்லை. பழைய கண்வில்லைக்கு உள்குழாய் இரண்டு விரல் வெளியே நின்றால்தான் எதிர்மலை தெளியும். ஆகவே அந்தக் கயிறு யாரையும் தொந்தரவு செய்யவில்லை. புதியதற்குக் குழாய் முழுக்க உள்ளே போக வேண்டியிருந்தது. கயிறு நடுவில் ஆப்பு மாதிரி நின்று தடுத்தது. ஆடு தெரிந்ததும் இதனால்தான்: கிட்டத்துப் பொருளுக்குக் குழாய் கொஞ்சம் வெளியே நின்றாக வேண்டும், அதைக் கயிறே பிடித்து நிறுத்திக் கொடுத்திருக்கிறது.

"இங்க வா!" என்று போட்ட சத்தத்தில் கீழே ஆடு தன் கட்டுக்கயிற்றை இழுத்தது. மனைவி ஓடி வந்தாள். காட்டினேன். சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

"அவுக்கக்கூடாதுங்க. அவளுக்கு ஒண்ணுமில்லன்னு தெரியணும். அதுக்கப்புறந்தான் அவுக்கணும். நேர்ந்திருக்கேன்."

"அவிழ்த்தாத்தான்டி அவளுக்கு ஒண்ணுமில்லன்னு தெரியும்!"

"தெரிஞ்சாத்தான் அவுக்கலாம்!"

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கீழே பள்ளத்தில் பனி கிளம்பத் தொடங்கியிருந்தது. ஓடையை மூடிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் லயங்களுக்கு ஏறிவிடும். உள்ளே போய்ப் பேனா சீவுகிற கத்தியை எடுத்து வந்தேன். அவள் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கத்தி முனையைக் கயிற்றுக்கு அடியில் செருகினேன். ஒரு இழுப்புத்தான். பித்தளைக்கு என்ன விரதம் என்று கேட்டவன் நான். ஆத்தா கண்ணைக் குத்துவாளா என்று நக்கல் செய்தவன் நான். என் கை நகரவில்லை. அறுத்த மறுநிமிடம் எதிர்மலையில் ஏதாவது ஆகிவிட்டால்? சீ, என்ன பேத்தல் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கை அப்போதும் நகரவில்லை.

"தள்ளுங்க" என்றாள்.

கத்தியை என் கையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். குனிந்து நகத்தால் முடிச்சை நெகிழ்த்தினாள். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். கயிறு தரையில் படாமல் அப்படியே தன் கைக்குக் கொண்டுபோய், ஏற்கெனவே இருந்த காப்புக்கு மேலே சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து இறுக்கி முடிந்தாள்.

"கேக்கறதா இருந்தா ஆத்தா எங்கிட்ட கேக்கட்டும்" என்றாள். "நீங்க தள்ளுங்க கொழாய."

தள்ளினேன். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவளையே முதலில் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசையவே இல்லை.

"என்னா தெரியுது? வாயத் தொறந்து சொல்லேன்டி!"

"தண்ணி ஊத்துறாங்க" என்றாள்.

"யாருக்கு?"

"எம் புள்ளைக்கு." கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அவளுக்குத்தாங்க வந்திருக்கு. எறங்கிருச்சு. தலைக்குத் தண்ணி ஊத்துறாங்க."

அம்மை இறங்கினால்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். செய்தியே நாள் கழித்துத்தான் எங்களுக்கு வந்திருக்கிறது; வந்தது அவளுக்கு என்றும் தெரியாது, போனதும் தெரியாது. இரண்டும் ஒன்றாக வந்து நெஞ்சில் அடித்தன. அவளை நகர்த்திவிட்டுக் கண்ணை வைத்தேன். மங்கல். அதே பழைய கஞ்சித் தண்ணீர்! "இந்தச் சனியன் பிடிச்ச கண்ணாடி மறுபடியும்..." என்று குழாயை உள்ளே தள்ளினேன், வெளியே இழுத்தேன், திருகினேன். சீமைக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன்.

"கண்ணத் தொடைங்க மொதல்ல" என்றாள் மனைவி.

வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டு பார்த்தேன். லயம் முழுதும் ஒரே பார்வையில் இருந்தது, தலைகீழாக. கடைசி வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் கூடி நின்றார்கள். அவர்கள் நடுவே ஒருத்தி மணையில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி குடத்தைச் சாய்க்க, தண்ணீர் கீழிருந்து மேலே போய் அவள் தலையில் விழுந்தது. மருமகன் கொஞ்சம் தள்ளி, இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். பிறகு அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்பினார்கள். எழுந்து நின்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் அவள் தோளுக்குத்தான் இருந்தார்கள். வாசலுக்குள் போகும்போது நிலையில் இடிக்காமல் குனிந்தாள்.

பனி ஏறி மூடிவிட்டது. நான் திரும்பினேன். மனைவி இடது கையை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள், இரண்டு காப்புகளோடு.

"இந்தாங்க, அவுத்து விடுங்க."

முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.